பாஸாகிவிடுவோமோ என்று பயந்த பையன்: நுழைவுத் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் நடுவில் ஒரு தம்பதி தங்கள் பத்து வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார்கள். பள்ளத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். பையன் ஐந்தாம் வகுப்பு, தமிழ்வழி. 2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, ராணுவ அதிகாரிகளாக வரப் பிள்ளைகளைத் தயார்செய்யும் சைனிக் பள்ளிகளுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வை எழுத வேண்டியவன். நான் காரைக்குடியில் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் மனநல ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். மார்கழி பிறந்தால் இப்படிச் சில குடும்பங்கள் வருவது வழக்கம்.

அவர்கள் சொன்ன குறை இரண்டு. அக்டோபர் வரை மாதிரித் தேர்வுகளில் 300-க்கு 220 வாக்கில் எடுத்துக்கொண்டிருந்தவன், நவம்பர் கடைசியிலிருந்து இறங்கிக்கொண்டே வந்து 170-க்குக் கீழே போய்விட்டான். அடுத்தது, காலையில் எழுந்ததும் வயிற்றுவலி. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டார், பரிசோதனைகளும் முடிந்துவிட்டன, உடம்பில் கோளாறு எதுவும் இல்லை.

"பரீட்சைப் பயம்னு சொல்லிட்டாங்க மேடம். அந்தப் பயத்தை மட்டும் எடுத்து விட்டுருங்க. ஆறு வாரந்தான் இருக்கு" என்றார் அம்மா.

அப்பா எதுவும் சொல்லவில்லை. கையில் வைத்திருந்த உறையிலிருந்து மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, என் மேசைமேல் வைத்தார். அவர் அடுக்கிய விதத்திலேயே அந்த வீட்டில் இந்தத் தேர்வு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது.

பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடைசி வாரங்களில் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த வாரங்களைப் பெற்றவர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. இந்தக் குடும்பம் அதை எனக்குக் கிட்டத்தில் காட்டியது.

தேர்வு

நம் பக்கத்தில் சைனிக் பள்ளி என்றால் அமராவதிநகர்தான். திருப்பூர் மாவட்டம், உடுமலைப்பேட்டை வட்டம், அமராவதி அணைக்கு அருகில் 1962-இல் தொடங்கிய பள்ளி. முழுக்க விடுதிப் பள்ளி. காரைக்குடியிலிருந்து திண்டுக்கல், பழனி தாண்டிப் போக வேண்டும், 200 கிலோமீட்டருக்கு மேல். கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும், பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு.

ஆறாம் வகுப்புத் தாளில் 125 கேள்விகள், 300 மதிப்பெண், 150 நிமிடம். கணிதத்துக்கு மட்டும் 50 கேள்வி, தலா 3 என்று 150 மதிப்பெண். மொழி, பொது அறிவு, நுண்ணறிவு மூன்றிலும் 25, 25 கேள்விகள், தலா 2 மதிப்பெண். தமிழிலேயே எழுதலாம். விடையை ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டம் நிரப்ப வேண்டும், நிரப்பியதை மாற்ற முடியாது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஒவ்வொரு பாடத்திலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் எடுத்தால் தகுதி. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இந்தக் குறைந்தபட்ச வரம்பு இல்லை. ஆனால் தகுதி வேறு, இடம் வேறு. தரவரிசையில் வர வேண்டும், அப்புறம் மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். ஆகவே 120 எடுத்தால் போதும் என்று எந்த வீட்டிலும் நினைப்பதில்லை. எவ்வளவு எடுத்தால் போதும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் பெற்றோரை ராத்திரியில் தூங்கவிடாமல் செய்கிறது.

வீடு

அப்பா புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். அம்மா வீட்டிலேயே ஆர்டருக்குப் பலகாரம் செய்கிறார். முறுக்கு, சீடை, மாவுருண்டை, மணகோலம். அப்பத்தா, சென்னையில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தின் பெரிய வீட்டைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை, சாமி கும்பிடவோ கல்யாணத்துக்கோ வருவார்கள். மற்ற நாளெல்லாம் பெருக்கி, விளக்கேற்றி, கதவுகளைத் திறந்து மூடுவது இவர்கள்தான். பின்கட்டில் அடுப்படியை ஒட்டிய பகுதியில் குடும்பம் வாழ்கிறது.

சைனிக் பள்ளி யோசனை பையனுடைய தாய்மாமனிடமிருந்து வந்தது. அவர் ராணுவத்தில் ஹவில்தார். பயிற்சி மையத்துக்கான பணத்தையும் அவரே கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் வருவார். முதல் கேள்வி, "மருமகனே, இந்த வாரம் எத்தனை?" பாசத்தில் கேட்பதுதான். அவர் கட்டிய பணம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும்.

நவம்பர் கடைசியில், தேர்வு நெருங்குகிறது என்று வீட்டில் மூன்று மாற்றங்கள் செய்திருந்தார்கள். மூன்றும் நல்லெண்ணத்தில் செய்தவை. காலை நான்கு மணிக்கு எழுப்புவது முதலாவது. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி எப்படியும் விடியுமுன் எழுப்பிவிடும், அதற்கு அரைமணி முன்னால் எழுந்தால் என்ன என்று அப்பா நினைத்தார். பையன் படுப்பது பத்தரைக்கு. இரண்டாவது, பலகார வேலையும் ஆள் நடமாட்டமும் இருக்கிற அடுப்படி வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவனை, அமைதியாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரரின் அனுமதி கேட்டு வளவுக்கு மாற்றினார்கள். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், இரண்டு பக்கமும் பூட்டிய அறைகள். அங்கே ஒரு மேசை, ஒரு விளக்கு, அவன் மட்டும்.

மூன்றாவது, பழனிக்கு நடப்பது. செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி கிளம்பும்போது, கூடவே மற்றச் சமூகத்தாரும் ஆயிரக்கணக்கில் நடப்பார்கள். இந்த அப்பாவும் பல வருடமாக நடக்கிறவர். இந்த வருடம் மாலை போட்டபோது மகனைப் பக்கத்தில் நிறுத்தி, "இந்தத் தடவை உனக்காகத்தான் நடக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் அத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணும் பெயரோடு, வரிசை எண்ணோடு அதில் வரும். இது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். பத்து வயதுப் பிள்ளையின் மதிப்பெண் அவனுக்கும் அவன் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் போதும். அறுபது வீட்டு அடுப்படிக்கு அது போக வேண்டிய அவசியம் என்ன? இந்த அம்மா ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகனுக்கு மேலே இருக்கும் பெயர்கள் அவருக்கு மனப்பாடம்.

தாள்களில் தெரிந்தது

பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அப்பா அடுக்கி வைத்த தாள்களைப் பையனோடு சேர்ந்து பார்த்தேன். என் வேலையில் இது பலன் தரும் பழக்கம். பிள்ளையிடம் "ஏன் பயப்படுற?" என்று கேட்டால் "தெரியல" என்றுதான் பதில் வரும். அவன் எழுதிய தாளைப் பற்றிக் கேட்டால் பேசுவான்.

தப்பான விடைகள் முன்பு இருந்த அளவுதான் இருந்தன. கூடியிருந்தது வெற்று வட்டங்கள். கணிதத்தில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு எதையும் நிரப்பவில்லை. நேரம் போதவில்லை என்று நினைத்துவிடலாம். ஆனால் வீட்டு நோட்டில் அதே மாதிரிக் கணக்குகளை அவன் வேகமாகவும் சரியாகவும் போட்டிருந்தான்.

"தப்பாப் போட்டாலும் குறைக்க மாட்டாங்க, தெரியுமா?"

"தெரியும் மிஸ்."

"அப்ப ஏன் சும்மாவாவது ஒண்ணை நிரப்பல?"

தோளைக் குலுக்கினான். அதை அப்படியே விட்டுவிட்டு, தேர்வு முடிந்த மறுநாள் என்ன செய்வாய் என்று கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு விளையாட்டையோ டிவியையோ சொல்வார்கள். இவன் சொன்னது வேறு.

"பாஸானா போயிருவேன்."

"எங்க?"

"அங்க. அமராவதிக்கு."

அந்த இடம் எப்படி இருக்கும், வரைந்து காட்டு என்று தாளைக் கொடுத்தேன். வரிசையாகத் தூண்கள் போட்டான். நடுவில் ஒரு கட்டில். ஒரே ஒரு கட்டில். பூட்டு தொங்கும் கதவுகள். அவன் பார்த்திராத விடுதியை, தினமும் விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து படிக்கும் வளவைக் கொண்டு கட்டியிருந்தான்.

"கூட யாரு இருப்பா?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"சரி, பாஸாகலன்னா?"

இதற்கு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பா நடக்கிறாருல்ல" என்றான்.

பாஸானால் தனியாகப் போக வேண்டும். பாஸாகாவிட்டால் அப்பாவின் நடை வீண், மாமாவின் பணம் வீண். இரண்டு பக்கமும் வழி அடைபட்ட இடத்தில் அவன் நின்றிருந்தான். வேண்டுமென்றே கேள்விகளை விட்டான் என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் அப்படித் திட்டம் போட மாட்டார்கள். மனதின் ஒரு பகுதி வேண்டாம் என்று இழுக்கும்போது கை மெதுவாகிவிடுகிறது. காலையில் வயிறு வலிப்பதும் அதே இழுப்புதான். அந்த வலி நடிப்பு கிடையாது, நிஜமாகவே வலிக்கும்.

விடுதிப் பள்ளிக்கான தேர்வுகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உள்ளூர்ப் பள்ளிக்கான தேர்வென்றால் தோல்வி ஒன்றுதான் பயம். விடுதிப் பள்ளி என்றால் வெற்றியும் ஒரு பிரிவு. பெரியவர்கள் பேச்சில் அந்தப் பிரிவு வருவதே இல்லை. தேர்வைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறார்கள். பள்ளியில் சேர்ந்த முதல் ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பெற்றோரிடம் பேசியது

அடுத்த சந்திப்புக்கு அப்பத்தாவையும் அழைத்து வரச் சொன்னேன். பையனிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டுதான் அவன் வரைந்ததைக் காட்டினேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "எந்தப் புள்ளையாவது பாஸாகப் பயப்படுமா மேடம்? நாங்க இவ்வளவு பாடுபடுறது எதுக்கு?"

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, போன வாரம் நடுராத்திரி எந்திரிச்சு வந்து என் காலுகிட்டப் படுத்துக்கிட்டான். குளிருதுன்னு சொன்னான். நானும் குளிருதுன்னே நெனச்சிட்டேன்."

அப்பத்தா மட்டும் ஆச்சரியப்படவில்லை. "அது பொறந்ததுலேருந்து என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். அங்க போனா எதைப் பிடிக்கும்னு நானும் நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். படிக்கிற புள்ளைக்கு அபசகுனமா எதுவும் சொல்லக் கூடாதுன்னு வாயைத் திறக்கல."

ஆக, அந்த வீட்டில் எல்லோருக்கும் அதே கவலை இருந்திருக்கிறது. ஆளுக்கொரு காரணத்தால் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அம்மா கடைசியில் சொன்னார், ராத்திரி அந்தப் பட்டியலைப் பார்ப்பது அவன் பின்தங்கிவிட்டான் என்ற கவலையால் மட்டும் இல்லை, "மேல போயிட்டா ஜூன் மாசம் அவன் இல்லாத வீடு எப்படி இருக்கும்னும் தோணும் மேடம்." இதைச் சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கோபம் அங்கேதான் தணிந்தது.

நான் அவர்களிடம் கேட்டுக்கொண்டது முதலில் ஒன்றுதான். தேர்வு எழுதுவது பையனின் வேலை. சேர்வதா இல்லையா என்பதை முடிவு வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து பேசித் தீர்மானிக்கலாம், அதில் அவன் சொல்லுக்கும் எடை உண்டு. இதை அவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காப்பாற்ற முடியாது என்றால் சொல்லவே வேண்டாம் என்றும் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளை பொய் வாக்குறுதியை எளிதில் மோப்பம் பிடித்துவிடும்.

அப்பாவுக்கு இது சுலபமாக இல்லை. மச்சினர் பணம் கட்டியிருக்கிறார், இடம் கிடைத்தும் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? சில நாள் யோசித்தார். பிறகு அம்மாவே தன் அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். "அண்ணே, இனிமே மார்க்கு கேக்காதீங்க. சாப்பிட்டியா, என்ன விளையாண்டேன்னு கேளுங்க." அந்த மனிதர் சிறிதும் வருத்தப்படவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு வீடியோ காலில் அவரே பேச்சை எடுத்தார். "மருமகனே, மாமா கட்டுனது நீ படிக்கிறதுக்கு. படிச்சிட்ட. அதோட கணக்கு முடிஞ்சது." அந்த அழைப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, சேர்வதைப் பற்றி நான் கேட்டுக்கொண்டதைத் தானும் சொன்னார்.

பழனி நடையை விடச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. ஆனால் அதன் பாரம் பையன் தலையில் இருந்தது. அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறேன், அடுத்த வருடமும் நடப்பேன், நீ எத்தனை மார்க் எடுத்தாலும் நடப்பேன் என்ற உண்மையை அவனிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னதோடு நிற்கவில்லை. பழைய போட்டோக்களைத் தேடி எடுத்து, பையன் கைக்குழந்தையாக இருந்த வருடம் நத்தம் பக்கத்தில் யாரோ எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறார்.

என்ன மாற்றினோம்

நான்கு மணிக்கு எழுப்புவதை நிறுத்தினோம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. இவன் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிக்கொண்டிருந்தான். பகலில் படித்தது மனதில் நிலைப்பதே தூக்கத்தில்தான் என்று சொன்னபோது அப்பாவுக்கு அது கணக்காகப் பிடிபட்டது. இரவு ஒன்பதரைக்குப் படுக்கை, காலை ஆறரைக்கு எழுவது. ஒலிபெருக்கிக்கு ஜன்னலைச் சாத்துவதைத் தவிர வழியில்லை.

படிக்கும் இடம் வளவிலிருந்து மறுபடியும் அடுப்படி வாசலுக்கு வந்தது. சத்தம் இருக்கும், பரவாயில்லை. தேர்வறையிலும் இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், வாசலில் பெற்றோர் பேச்சு எல்லாம் இருக்கும்.

முழு மாதிரித் தேர்வு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. உண்மையான தேர்வு இரண்டிலிருந்து நாலரை வரை. சாப்பிட்டபின் கண் சொக்கும் அந்த நேரத்தில் மூளையைப் பழக்க வேண்டும். விடியற்காலையில் மட்டும் படித்துப் பழகிய பிள்ளைக்கு மதியத் தேர்வு புதிதாக இருக்கும். ஐந்து கேள்விக்கு ஒருமுறை ஓஎம்ஆர் தாளில் எண்ணைச் சரிபார்த்து நிரப்புவது, கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு வட்டம்கூட வெற்றாக இல்லாமல் பார்ப்பது, இவ்வளவுதான் உத்தி. பொங்கலுக்குப் பிறகு புதுப்பாடம் கிடையாது.

தேர்வு நேரத்துக் கவலையைப் பற்றி ஒரு ஆய்வு உண்டு. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ரமீரெஸ், பைலாக் இருவரும் 2011-இல் வெளியிட்டது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிய மாணவர்கள், பதற்றம் அதிகமுள்ளவர்கள் குறிப்பாக, நன்றாகச் செய்தார்கள். கவலை, மனதில் கணக்குப் போட வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது, வெளியே கொட்டினால் இடம் கிடைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அவர்கள் பார்த்தது பெரிய வகுப்பு மாணவர்களையும் கல்லூரி மாணவர்களையும். இந்தப் பையனுக்கு எழுதுவது இன்னொரு வேலையாகிவிடும் என்பதால், ராத்திரி படுக்குமுன் அப்பத்தாவிடம் சொல்லிவிட்டுத் தூங்கு என்றேன். அப்பத்தாவுக்கு நான் சொன்னது, ஆறுதல் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும் என்பது. அவருக்கு அது கைவந்த கலை.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது மாமா செய்த ஒரு காரியம். அவரோடு பணியாற்றிய ஒருவரின் மகன் அப்போது அமராவதிநகரில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அரையாண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த அவனை இவனோடு போனில் பேச வைத்தார். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கவில்லை. பேசி முடித்துவிட்டு வந்தவன் அம்மாவிடம் சொன்னது: "அந்த அண்ணனும் மொத மாசம் அழுதுச்சாம். எல்லாரும் அழுவாங்களாம். ஒரு ரூமுல நெறையாப் பேராம், தனியா இருக்கணும்னு நெனச்சாலும் முடியாதாம்."

அடுத்தமுறை என்னிடம் வந்தபோது, கேட்காமலே விடுதியை மறுபடி வரைந்தான். கட்டில்கள் தாள் கொள்ளாமல் இருந்தன. வயிற்றுவலி அதற்குள் வாரத்தில் ஒருநாள், இரண்டு நாளாகக் குறைந்திருந்தது.

பொங்கலும் பூசமும்

எல்லாம் சீராகப் போய்விடவில்லை. பொங்கல் முடிந்ததும் பயிற்சி மையம் தேர்வு வரைக்கும் நாள் முழுக்கச் சிறப்பு வகுப்பு என்று அறிவித்தது. அந்த இரவு அம்மா என்னைக் கூப்பிட்டார். குரல் நடுங்கியது. "எல்லாப் புள்ளைகளும் போகுது மேடம். நாமதான் கெடுத்துட்டோம்னு ஆயிறக் கூடாதே."

அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. கடைசி நாட்களில் மற்றவர்கள் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பெற்றோருக்குப் பெரிய தைரியம் வேண்டும். பலன் தெரியாத ஒன்றுக்காகத் தன் பிள்ளையை வைத்துப் பந்தயம் கட்டுவதாகத் தோன்றும். அதனால் "போகாதீர்கள்" என்று நான் சொல்லவில்லை. பையனிடமே கேட்கச் சொன்னேன். அவன், நண்பர்கள் இருப்பதால் காலையில் மட்டும் போகிறேன் என்றான். மதியம் வீடு.

அந்த வாரம் அவன் மதிப்பெண் மறுபடி இறங்கியது. அம்மா ராத்திரி எழுந்து பட்டியல் பார்ப்பதும் திரும்பிவிட்டது. குழுவை விட்டு வெளியேறினால் தகவல் எதுவும் தெரியாமல் போகும் என்ற பயம் இருந்ததால், அம்மாவின் போனிலிருந்து எடுத்து, நடைக்குப் போகும் அப்பாவின் போனில் குழுவைச் சேர்த்தோம். தேவையான தகவல் இருந்தால் மட்டும் அவர் சொல்வார். பூசத்துக்கான பலகார ஆர்டர்களையும் குறைக்க நினைத்திருந்த அம்மா, குறைக்காமல் எடுத்துக்கொண்டார். "கையில மாவு இருந்தா போனைத் தொட முடியாதுல்ல மேடம்" என்றார். பெற்றோருக்கும் கைக்கு வேலை வேண்டும். பிள்ளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயைப் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தைப்பூசம் அந்த வருடம் ஜனவரி 25. அப்பா ஐந்தாறு நாள் முன்னதாகக் குன்றக்குடியிலிருந்து கிளம்பினார். தேர்வுக்கு முந்தைய வாரம் வீட்டில் இல்லாமல் போகிறோமே என்று அவருக்கு உறுத்தல். நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்கியிருக்கிறார், கால் எப்படி இருக்கிறது, என்ன சாப்பாடு போட்டார்கள் என்று மகனோடு பேசினார். அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு தேர்வு இல்லாத ஒரு பேச்சு. பையன் ஒருநாள், "அப்பா, அங்கேருந்து அமராவதி கிட்டத்தானே?" என்று கேட்டிருக்கிறான். பழனியிலிருந்து உடுமலை பக்கம்தான் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த ஊர் அவனுக்கு முதல்முறையாக அப்பா நடந்து போகக்கூடிய தூரத்துக்குள் வந்திருந்தது.

தேர்வு நாள்

மையம் மதுரையில். காலையிலேயே கிளம்பி, திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ்ஸில் போனார்கள். மதியத் தேர்வு என்பதால் சாப்பாட்டை யோசித்துத் தீர்மானித்திருந்தோம். காலையில் வழக்கம்போல இட்லி, பதினொன்றரைக்குத் தயிர்சாதம், உள்ளே நுழைவது அதற்கப்புறம். புதுச்சட்டை வேண்டாம், துவைத்துப் பழகிய சட்டை. ஹால் டிக்கெட்டும் பேனாக்களும் முந்தின இரவே பையில்.

வாசலில் மற்றப் பெற்றோர் கடைசி நிமிடம் வரை சூத்திரங்களைக் கேட்டுக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னார். கொப்புளத்தால் செருப்புப் போட முடியாமல் நின்றிருந்த அப்பா, மகன் உள்ளே போகும்போது சொன்னது, "முடிச்சிட்டு வா, ஜிகர்தண்டா குடிக்கலாம்."

வெளியே வந்ததும் எத்தனை சரி என்று கேட்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். அப்பா கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பையனே, "ஒரு வட்டமும் விடலப்பா" என்றான்.

பிறகு

மார்ச்சில் முடிவு வந்தது. 300-க்கு 209. தகுதி பெற்றுவிட்டான், சேர்க்கைப் பட்டியலில் வரவில்லை.

செய்த மாற்றங்களால்தான் 170 என்பது 209 ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். அக்டோபரில் எடுத்த 220-ஐவிட இது குறைவுதான், மாதிரித் தாளும் உண்மைத் தாளும் ஒன்றில்லை. நல்ல தூக்கம் மட்டுமே காரணமாக இருக்கலாம். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது வயிற்றுவலி நின்றதும், வெற்று வட்டங்கள் மறைந்ததும், அம்மா ராத்திரியில் தூங்கத் தொடங்கியதும்தான். எல்லாப் பிள்ளைக்கும் விடுதிப் பயம் இருக்கும் என்றும் இல்லை. சில பிள்ளைகளுக்குப் பின்னம்தான் பயம், அதற்குப் பின்னத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் மதிப்பெண் திடீரென்று இறங்கும்போது படிப்பு நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னால், இரண்டு விஷயங்களை இப்போது எல்லாப் பெற்றோரிடமும் கேட்கிறேன். தேர்வுக்கு மறுநாளைப் பிள்ளை எப்படிக் கற்பனை செய்கிறது? வீட்டில் யார் யார் என்னென்ன தியாகம் செய்கிறார்கள் என்பது அதன் காதில் எத்தனை முறை விழுந்திருக்கிறது?

முடிவு வந்த அன்று பையன் அழுதான். இது பெற்றோர் எதிர்பாராதது. போகப் பயந்தவன் நிம்மதியடைவான் என்று நினைத்திருந்தார்கள். ஜனவரிக்குள் அவனுக்கு அங்கே போகும் ஆசை வந்துவிட்டிருந்தது. அப்பா என்னிடம் போனில், "இப்ப என்ன சொல்லணும் மேடம்?" என்று கேட்டார். எதுவும் சொல்ல வேண்டாம், அழட்டும், பக்கத்தில் இருங்கள் என்றேன். இரண்டு நாள் சோர்வாக இருந்தான், மூன்றாம் நாள் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

ஒன்பதாம் வகுப்புக்கு இன்னொரு நுழைவு இருக்கிறது. அது 400 மதிப்பெண், மூன்று மணி நேரம், முழுக்க ஆங்கிலத்தில். உடனே அதற்கான பயிற்சியில் சேர்த்துவிடலாமா என்று மாமா கேட்டிருக்கிறார். அப்பா, அவனிடமே கேளுங்க என்று போனை மகன் கையில் கொடுத்துவிட்டார். ஏழாம் வகுப்பு முடியும்போது பேசிக்கொள்ளலாம் மாமா, அதுவரைக்கும் இங்கிலீஷ் மட்டும் படிக்கிறேன் என்றானாம். அந்த வருடம் காரைக்குடியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். பாடம் படிப்பது அடுப்படி வாசலில்தான்.